‘ஓர் எளிய வழக்கு’: பேட்மேனுக்குப் பிடிபடாத குற்றம்

அமெரிக்கப் படக்கதைப் பதிப்பகமான டிசி நிறுவனம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட ‘பேட்மேன்’ தொடரின் 44ஆம் இதழ், ‘ஓர் எளிய வழக்கு’ என்று பொருள்படும் தலைப்பைக் கொண்டது. ஸ்காட் ஸ்னைடரும் பிரையன் அசரெல்லோவும் சேர்ந்து எழுதிய இக்கதைக்கு, ஜாக் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டன் ஓவியர் படம் வரைந்திருக்கிறார். ஒரே இதழில் தொடங்கி முடிந்துவிடும் கதை என்பதால், பேட்மேனின் நீண்ட வரலாற்றை அறியாதவரும் இதைத் தனியாக வாங்கிப் படிக்கலாம். கறுப்பினச் சிறுவன் ஒருவன் மீது வெள்ளையினக் காவலர் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதே கதையின் மையம். முகமூடி அணிந்து கூரைக்குக் கூரை தாவும் ஒருவரைப் பற்றிய படக்கதை இப்படிப்பட்ட பொருளின் பாரத்தைத் தாங்குமா என்ற ஐயத்தோடுதான் இதைக் கையில் எடுத்தேன். மூன்று முறை படித்த பிறகும் அந்த ஐயம் முழுமையாகத் தீரவில்லை. ஆனாலும் இந்த வகைக் கதைகள் எந்த இடத்தில் வலுவிழக்கின்றன என்பதை இவ்வளவு துல்லியமாக எனக்குக் காட்டிய இதழ் வேறொன்று இல்லை.

கதை நிகழ்வது பேட்மேன் கோத்தம் நகரில் தன் பணியைத் தொடங்கிய ஆரம்ப காலத்தில். நகரத்தின் விளிம்பில், சதுப்பு நிலத்தில், பீட்டர் டுஜியோ என்ற 15 வயதுச் சிறுவனின் உடல் கிடக்கிறது. உடலில் துப்பாக்கிக் குண்டு துளைத்த காயங்கள் இருக்கின்றன. ஆனால் அவன் மிக உயரத்திலிருந்து விழுந்தவன் என்பதற்கான அடையாளங்களும் இருக்கின்றன. சுற்றிலும் உயரமான கட்டடம் ஏதுமில்லாத இடத்தில் ஒருவன் எங்கிருந்து விழ முடியும் என்ற கேள்வியோடு பேட்மேன் புறப்படுகிறார். பழக்கப்பட்ட துப்பறியும் கதையின் பாதையிலேயே, குற்ற உலகத்தின் பெரும்புள்ளியான பெங்குவின், ‘ஃபோர் ஃபைவ்ஸ்’ என்னும் தெருக்கும்பல், ரோந்துக் காவலர் நெட் ஹௌலர் என்று ஒவ்வொருவராக அவர் தேடிச் செல்கிறார். ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் ‘இவன்தான் கொலைகாரன்’ என்று சொல்லி வழக்கை மூடிவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. ஒவ்வொரு கதவும் இன்னொரு கதவைக் காட்டிவிடுகிறது. தலைப்பில் உள்ள ‘எளிய’ என்ற சொல்லின் எள்ளல் இங்கிருந்துதான் பிறக்கிறது.

பீட்டரின் தந்தை, ‘கார்னர்’ என்று அழைக்கப்படும் ஏழைப் பகுதியில் சிறிய மளிகைக் கடை ஒன்றை நடத்துபவர். அந்தக் கடையைக் காப்பாற்றுவதற்காகவே பையன் அலைகிறான். தெருக்கும்பலின் நெருக்கடியிலிருந்து தப்பிக்க அவன் போகக்கூடாத இடங்களுக்கெல்லாம் போகிறான். ஆனால் கதையின் முள் தைக்கும் இடம் ஹௌலர் வரும் பகுதி. தலையை மூடிய ஹூடி அணிந்திருந்த அந்தப் பையனைத்தான் அவர் சுடுகிறார். தரையில் கிடக்கும் உடலையும் அதன் எதிரே துப்பாக்கியோடு நிற்கும் சீருடையையும் ஜாக் வரைந்திருக்கும் விதத்தில் வீரமும் இல்லை, அழுகையும் இல்லை. 2012ஆம் ஆண்டு ஃபுளோரிடாவில் டிரேவான் மார்ட்டின் என்ற 17 வயது இளைஞர், காவலர் அல்லாத ஒரு குடியிருப்புக் கண்காணிப்பாளரால் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து அந்த ஆடை அமெரிக்காவில் வெறும் ஆடையாக இருக்கவில்லை. 2014 ஆகஸ்டில் மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகரில் 18 வயது மைக்கேல் பிரவுன், அதே ஆண்டு நவம்பரில் கிளீவ்லாந்தில் பொம்மைத் துப்பாக்கியோடு இருந்த 12 வயது தமிர் ரைஸ் என்று பெயர்கள் தொடர்ந்தன. இந்த இதழ் கடைக்கு வந்தபோது ஃபெர்குசன் நிகழ்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. வாசகர் எவருக்கும் விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

ஹௌலரை எப்படி எழுதுவது என்பதில்தான் எழுத்தாளர்கள் இருவரும் நன்றாக உழைத்திருக்கிறார்கள். அவரை இரத்தவெறி பிடித்த அரக்கனாக்கியிருந்தால் வேலை எளிதாக முடிந்திருக்கும்; பேட்மேன் இரண்டு குத்து விட்டுச் சிறையில் தள்ளியிருப்பார், நாமும் புத்தகத்தை மூடி வைத்திருப்போம். இங்கே காவலரிடம் இருப்பது முன்முடிவு. அந்தத் தெருவில், அந்த நிறத்தில், அந்த உடையில் ஒருவன் நின்றால் அவன் யாராக இருப்பான் என்பதை அவர் பார்ப்பதற்கு முன்பே முடிவு செய்துவிட்டார். சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கொல்லப் போன காவலர்கள் அவன் தோற்றத்தைக் கண்டு ‘இவன் கள்வனாக இருக்க மாட்டான்’ என்று தயங்கும் இடம் ஒன்று உண்டு. கள்வர்களின் திறமையைப் பற்றிப் பொற்கொல்லன் அடுக்கடுக்காகச் சொன்ன கதைகள் அச்சத்தை ஊட்டிய பிறகுதான் அவர்களில் ஒருவன் வாளை வீசுகிறான். தோற்றம் கோவலனைச் சிறிது நேரமாவது காத்தது. பீட்டருக்கு அந்தச் சில நொடிகள்கூடக் கிடைக்கவில்லை, ஏனென்றால் பொற்கொல்லன் சொன்ன கதையை ஹௌலர் தம் உள்ளத்திலேயே சுமந்துகொண்டு வந்திருக்கிறார்.

இதற்குப் பின்னால் உள்ள சட்ட நிலையை அறிந்து படித்தால் அந்தப் பக்கங்கள் இன்னும் கனமாகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டின் கிரஹாம் எதிர் கானர் வழக்கில், காவலர் பயன்படுத்திய வலிமை நியாயமானதா என்பதைச் சம்பவ இடத்தில் இருந்த நியாயமான ஒரு காவலரின் பார்வையிலிருந்து எடைபோட வேண்டும், பின்னர் தெரியவந்தவற்றை வைத்து எடைபோடக் கூடாது என்று வகுத்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1985இல், டென்னசி எதிர் கார்னர் வழக்கில், தப்பி ஓடுபவர் மற்றவர்களுக்குக் கடும் ஆபத்தை விளைவிப்பார் என்று நம்பத் தகுந்த காரணம் இல்லாமல் அவரை உயிர்போகச் சுடக்கூடாது என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த வழக்குக்குக் காரணமானவர் 1974இல் மெம்பிஸ் நகரில் வேலி ஏறித் தப்ப முயன்றபோது சுடப்பட்ட எட்வர்ட் கார்னர் என்ற கறுப்பினச் சிறுவர், ஆயுதம் ஏதும் வைத்திருக்கவில்லை, வயது 15. பீட்டர் டுஜியோவுக்கு எழுத்தாளர்கள் அதே வயதை அளித்தது தற்செயலா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் படிக்கும்போது அந்த எண் உறுத்திக்கொண்டே இருந்தது. ‘நான் அஞ்சினேன்’ என்ற சொல் நீதிமன்றத்தில் எவ்வளவு செல்லுபடியாகும் என்பதை அறிந்தவருக்கு, பேட்மேன் திரட்டும் தடயங்கள் எதுவும் ஹௌலரை எளிதில் தொட்டுவிடாது என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

காவல்துறை ஊழலைச் சொல்லும் படக்கதைகளுக்கும் இனவெறியைச் சொல்லும் படக்கதைகளுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு இருப்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஊழல், இந்த வகைக் கதைக்கு மிக வசதியான பொருள். கையூட்டு வாங்கும் ஆணையர் ஒருவர், அவருக்கு அடியாளாக இருக்கும் துப்பறிவாளர் ஒருவர், அவர்களுக்குப் பணம் தரும் கும்பல் தலைவன் ஒருவன் என்று ஆட்களைப் பெயர் சொல்லிச் சுட்டலாம், பிடிக்கலாம், தண்டிக்கலாம். 1987இல் ஃபிராங்க் மில்லர் எழுத டேவிட் மஸுக்கெல்லி வரைந்த ‘பேட்மேன்: இயர் ஒன்’ இதை மிகச் சிறப்பாகச் செய்தது. அதில் வரும் ஆணையர் லோபும் துப்பறிவாளர் ஃபிளாஸும் ஊழலின் முகங்களாகவே வாசகர் நினைவில் தங்கிவிட்டார்கள். நேர்மையான ஜேம்ஸ் கார்டன் அவர்களை எதிர்த்து நின்று அடிபட்டு மீண்டு எழும்போது, அழுகிய உறுப்புகளை வெட்டியெறிந்தால் உடல் தேறிவிடும் என்ற நம்பிக்கை வாசகருக்குக் கிடைக்கிறது. இனவெறிக்கு அப்படிப்பட்ட ஓர் ஆணையர் கிடையாது. ஹௌலரை வேலையிலிருந்து நீக்கினால் அவர் நின்ற தெருமுனையில் நாளை நிற்கப்போகிறவர் வேறாக நடந்துகொள்வார் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ‘ஓர் எளிய வழக்கு’ தன் கதாநாயகனைக் கொண்டுபோய் நிறுத்துவது இந்தச் சுவரின் முன்னால்தான்.

இந்தச் சுவரை நோக்கி வருவதற்கே அமெரிக்கப் படக்கதைகளுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை, காவலர்கள், நீதிபதிகள், அரசு அலுவலர்கள் ஆகியோர் மீதும் நிறுவப்பட்ட அதிகாரத்தின் மீதும் மதிப்புக் குறையும்படி சித்தரிக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே தடுத்தது. 1971ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தப் பிடி தளர்ந்தது. நெறிமுறைக்கு இணங்கியதைக் காட்ட இதழ்களின் அட்டையில் இடப்பட்ட முத்திரையை டிசி நிறுவனம் முற்றாகக் கைவிட்டது 2011இல். திருத்தத்துக்கு ஓராண்டு முன்பே, 1970இல், டென்னி ஓநீலும் நீல் ஆடம்ஸும் உருவாக்கிய ‘கிரீன் லான்டர்ன்’ 76ஆம் இதழில், வயது முதிர்ந்த கறுப்பினத்தவர் ஒருவர் வேற்றுக்கிரகங்களின் நீலத் தோலினருக்கும் ஆரஞ்சுத் தோலினருக்கும் ஊதாத் தோலினருக்கும் உதவிய வீரரைப் பார்த்து, கறுப்புத் தோலினருக்கு நீர் என்ன செய்தீர் என்று கேட்கிறார். வீரரிடம் விடை இல்லை; தலைகுனிகிறார். அந்தக் காட்சி புகழ்பெற்றதற்குக் காரணம் அது கேள்வியோடு நின்றதுதான். நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பேட்மேன் இதழ் அந்தக் கேள்வியை அடுத்த படிக்குக் கொண்டுபோக முயல்கிறது: எங்களுக்கு என்ன செய்தீர் என்பதைக் கடந்து, எங்களுக்கு இது நேர்ந்ததில் உம்முடைய பங்கு என்ன என்று கேட்கிறது.

என் கணிப்பில் இந்த இதழின் மிகச் சிறந்த பகுதி அதுதான். விசாரணை உள்ளே செல்லச் செல்ல, கார்னர் பகுதியைச் சீரமைக்கிறேன் என்று கோடீஸ்வரர் புரூஸ் வெய்ன் நல்லெண்ணத்தோடு முன்னெடுத்த திட்டமே அங்கிருந்த எளிய கடைக்காரர்களின் நிலையைக் குலைத்தது என்பது தெரியவருகிறது. புரூஸ் வெய்ன்தான் பேட்மேன் என்பதை அறிந்த வாசகர், அவர் இரவெல்லாம் தேடி அலைந்த தடத்தின் ஒரு முனை அவருடைய வீட்டு வாசலிலேயே முடிவதைப் பார்க்கிறார். ஒரு பகுதிக்கு முதலீடு வரப்போகிறது என்ற செய்தி பரவியவுடனே அங்குள்ள நிலமும் வாடகையும் எப்படி மாறுகின்றன, அந்த மாற்றத்தின் சூட்டில் முதலில் வாடுபவர்கள் யார் என்பதைப் பாடம் நடத்தாமல் கதை சொல்லிவிடுகிறது. அமெரிக்க நகரங்களில் இந்த வரலாறு இன்னும் பின்னால் போகிறது. 1930களில் அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் தயாரித்த வரைபடங்களில் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் சிவப்பு வண்ணத்தில் ஆபத்தானவை என்று குறிக்கப்பட்டன. கடன் கிடைக்காமல் பல பத்தாண்டுகள் நலிந்த அதே பகுதிகளுக்குப் பிற்காலத்தில் பணம் வந்தபோது, அது பெரும்பாலும் அங்கே வாழ்ந்தவர்களுக்காக வரவில்லை. பேட்மேன் கதைகளில் வெய்னின் செல்வம் எப்போதும் கருவிகள் வாங்கும் பணமாகவும் அறக்கட்டளைக்கு அள்ளித் தரும் பணமாகவும் மட்டுமே தோன்றிவந்திருக்கிறது. அந்தச் செல்வம் ஒரு தெருவின் மீது விழுந்தால் அங்கே என்ன உடையும் என்று கேட்ட பேட்மேன் கதைகள் மிகச் சிலவே.

ஊழலும் இனவெறியும் தனித்தனிப் பெட்டிகள் என்று நான் மேலே சொன்னதை இங்கே சற்றுத் திருத்திக்கொள்கிறேன். அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் ஃபெர்குசன் காவல்துறையைப் பற்றி வெளியிட்ட ஆய்வறிக்கை, அந்நகரில் சட்ட அமலாக்கம் மக்களின் பாதுகாப்பைவிட நகராட்சியின் வருவாயையே குறியாகக் கொண்டிருந்தது என்று கண்டறிந்தது. மக்கள்தொகையில் 67 விழுக்காடாக இருந்த கறுப்பின மக்கள், வண்டியை நிறுத்திச் சோதிக்கப்பட்டவர்களில் 85 விழுக்காடாகவும் கைது செய்யப்பட்டவர்களில் 93 விழுக்காடாகவும் இருந்தார்கள். அபராதச் சீட்டு, கட்டத் தவறினால் கைதாணை, அதற்கு மேலும் அபராதம் என்று ஒரு முழு நகராட்சியே ஏழைகளின் சட்டைப்பையை நம்பி நடந்ததில் தனி ஒரு காவலர் கையூட்டு வாங்கவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. ‘ஓர் எளிய வழக்கு’ காவல்துறையின் இந்தப் பக்கத்துக்குள் நுழையவே இல்லை என்பது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. ஹௌலருக்கு மேலே இருக்கும் அலுவலர்கள், அறிக்கை எழுதுபவர்கள், உடன் பணிபுரிவோர் எல்லோரும் கதைக்கு வெளியேதான் நிற்கிறார்கள். நிலத்தையும் வாடகையையும் அமைப்பாகப் பார்க்கத் தெரிந்த கதை, காவல்துறையை மட்டும் ஒற்றை மனிதராகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஓவியத்தைப் பற்றித் தயக்கமின்றிப் பாராட்டலாம். ஜாக்கின் கோடுகள் கூரானவை, அவசரமாகக் கீறியவைபோல் தோற்றமளிப்பவை. அவர் வரைந்த கோத்தமில் கறுப்பு மை கட்டங்களைத் தின்றுகொண்டே வருகிறது. பக்கங்களுக்குள் செய்தித்தாள் துணுக்குகள் ஒட்டப்பட்டதுபோல் கலந்து வருகின்றன. கட்டத்தில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண், பின்னணியில் பாதி மறைந்த அச்செழுத்துகளையும் படிக்க முயன்று இடறுகிறது. ஒரு சிறுவனின் மரணம் செய்தியாகி, செய்தி கழிவுத்தாளாகி, அந்தக் கழிவுத்தாளின் மேலேயே அடுத்த சிறுவனின் கதை வரையப்படுவதுபோன்ற உணர்வை இந்த உத்தி தருகிறது. லீ லோக்ரிட்ஜ் தீட்டிய வண்ணங்கள் இதற்குப் பெரிதும் துணைநிற்கின்றன. பல வண்ணங்களை இறைக்காமல், ஒரு காட்சிக்கு ஒரு வண்ணம் என்று அடக்கிவாசிக்கும் போக்கு அவருடையது. உரையாடல்களைக் குறைத்து, படர்க்கையில் விலகி நின்று பேசும் விவரணைப் பெட்டிகள் வழியாகக் கதை சொல்லப்படுவதும் நல்ல முடிவு. பேட்மேனின் மனக்குரலைக் கேட்டுப் பழகிய வாசகருக்கு, அவரையும் விசாரணைக்கு உட்பட்ட ஒருவராகவே வெளியிலிருந்து பார்க்கும் அந்தக் குரல் புதிது. அசரெல்லோவின் குற்றக்கதைப் பயிற்சி இதில் கைகொடுத்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ‘100 புல்லட்ஸ்’ தொடரை எழுதியவர் அவர்.

இனி என் மனத்தாங்கலுக்கு வருகிறேன். பீட்டர் எப்படி வானத்திலிருந்து விழுந்தான் என்ற புதிருக்கு விடை, மிஸ்டர் புளூம் என்ற விந்தை மனிதர். மனித உடலில் விதைத்தால் அசாதாரண ஆற்றலைத் தரும் விதைகளை விற்பவர் இவர். எல்லா வாசலும் அடைபட்ட பையன் கடைசியில் அந்த விதையை நாடுகிறான். அந்த ஆற்றலே அவனுக்கு எமனாகிறது. இதை உருவகமாகப் படித்தால் அழகாகத்தான் இருக்கிறது: முறையான உதவிகள் எல்லாம் கைவிட்ட பகுதியில் முறையற்ற உதவியை விற்பவர் முளைப்பது உலகெங்கும் காணும் காட்சி. ஆனால் கதைத் தொடரின் நோக்கில் பார்த்தால் புளூம், அடுத்தடுத்த இதழ்களில் வரவிருக்கும் பெரிய வில்லன். அவருக்கு ஒரு முன்கதை தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் தேவைக்குப் பீட்டரின் மரணம் பயன்பட்டிருக்கிறது. இதனால் நேர்ந்த இழப்பு சிறியதன்று. காவலர் சுட்ட குண்டுக்கும் சிறுவனின் சாவுக்கும் நடுவே ஒரு மாய விதை வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஃபெர்குசனிலும் கிளீவ்லாந்திலும் அப்படி எதுவும் நடுவில் வரவில்லை. ஹௌலரின் குண்டு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் கதை எங்கே போயிருக்கும் என்ற கேள்வியிலிருந்து எழுத்தாளர்கள் இருவரும் நழுவிவிட்டார்கள் என்றே சொல்வேன். சுவர்வரை வந்த கதை, சுவரில் ஒரு வில்லன் வடிவக் கதவை வரைந்து அதன் வழியே வெளியேறிவிட்டது.

இன்னொன்று, பீட்டருக்கு இந்தக் கதையில் சொந்தக் குரல் மிகக் குறைவு. நாம் அவனைச் சந்திக்கும்போதே அவன் பிணம்; பிறகு அவனை மற்றவர்கள் சொல்லும் சாட்சியங்களின் வழியே ஒட்டுப்போட்டு அறிகிறோம். துப்பறியும் கதையின் இலக்கணம் அப்படித்தான் என்று வாதிடலாம். ஆனால் கதையை எழுதிய இருவரும் வெள்ளையினத்தவர்கள் என்ற உண்மையோடு சேர்த்துப் பார்க்கும்போது, கறுப்பினச் சிறுவனின் உடல் வெள்ளையினக் கோடீஸ்வரரின் மனசாட்சியை உலுக்குவதற்கான கருவியாக மட்டும் ஆகிவிடுகிறதோ என்ற நெருடலைத் தவிர்க்க முடியவில்லை. இதே பொருளை வேறு பக்கத்திலிருந்து அணுகும் படைப்பு அடுத்த ஆண்டே வந்தது. குவான்ஸா ஒசாஜ்யெஃபோ எழுத ஜமால் இகில் வரைந்து, வாசகர்களின் நிதியுதவியோடு 2016இல் வெளிவரத் தொடங்கிய ‘பிளாக்’ தொடரில், காவலர்கள் சுட்டு வீழ்த்திய கரீம் ஜென்கின்ஸ் என்ற இளைஞன் சாகாமல் எழுகிறான்; அந்த உலகில் அமானுஷ்ய ஆற்றல் கறுப்பின மக்களிடம் மட்டுமே இருக்கிறது. அங்கே சுடப்பட்டவனே கதைசொல்லும் மையம். ஓவிய நயத்திலும் கட்டமைப்பிலும் பேட்மேன் இதழுக்கே நான் அதிக மதிப்பெண் தருவேன், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவருக்கு பீட்டரின் மௌனம் காதில் அறையும்.

தொடரில் இந்த இதழ் வைக்கப்பட்டிருக்கும் இடமும் கவனத்துக்குரியது. 41ஆம் இதழிலிருந்து நடந்துகொண்டிருந்த கதையில் புரூஸ் வெய்ன் களத்தில் இல்லை; முன்னாள் ஆணையர் ஜேம்ஸ் கார்டன்தான் இயந்திரக் கவசம் அணிந்து, காவல்துறையின் மேற்பார்வையில் பேட்மேனாகச் செயல்பட்டுக்கொண்டிருந்தார். அதாவது, பேட்மேனே காவல்துறைப் பணியாளராக மாறியிருந்த நேரத்தில், பழைய பேட்மேன் ஒரு காவலரை விசாரிக்கும் கதை நடுவில் செருகப்படுகிறது. 1939இல் அறிமுகமானபோது பேட்மேன் காவலர்களின் கண்ணில் குற்றவாளி. 1941ஆம் ஆண்டு, பழைய ‘பேட்மேன்’ தொடரின் 7ஆம் இதழிலேயே அவர் கோத்தம் காவல்துறையின் கௌரவ உறுப்பினராக்கப்பட்டார். அன்று முதல் அவருக்கும் அந்தத் துறைக்கும் இருந்த உறவு என்றுமே முழுப் பகையாக இருந்ததில்லை. கூரையில் ஒளிரும் வௌவால் விளக்கு காவல்துறையின் கட்டடத்தில்தானே இருக்கிறது. இந்த முரணைத் தொடரின் மற்ற இதழ்கள் எடுத்துப் பேசும் என்று எதிர்பார்த்தேன். 45ஆம் இதழ் முதல் கதை மீண்டும் கவசத்துக்கும் புளூமுக்கும் திரும்பிவிட்டது. ஹௌலர் எழுப்பிய கேள்வி நடுவழியில் இறக்கிவிடப்பட்டது.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். தனி இதழாக வந்தபோது இதன் விலை 3.99 டாலர். பின்னர் 41 முதல் 45 வரையிலான இதழ்களைச் சேர்த்து ‘சூப்பர்ஹெவி’ என்ற பெயரில் எட்டாம் தொகுதியாகவும் வெளியிட்டார்கள். தொகுதியில் படிப்பவர்கள் முதல் மூன்று இதழ்களைப் படித்துவிட்டு இதற்கு வந்தால், இயந்திரக் கவசத்தின் பளபளப்பிலிருந்து சதுப்பு நிலத்துக்குள் விழும் அதிர்ச்சி கூடுதலாகக் கிடைக்கும். இந்தக் கதை ஒன்று மட்டும் போதும் என்பவர்கள் தனி இதழையோ மின்பதிப்பையோ தேடலாம். மின்பதிப்பைக் கைபேசியின் சிறிய திரையில், ஒவ்வொரு கட்டமாகப் பெரிதாக்கிக் காட்டும் வசதியோடு படிப்பதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். செய்தித்தாள் துணுக்குகளும் கட்டங்களும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளும் ஜாக்கின் அமைப்பு அப்போது துண்டு துண்டாகிவிடும். நான் முதல் முறை அப்படித்தான் படித்தேன். பின்னணியில் எழுத்துகள் இருந்ததே இரண்டாம் முறை தாளில் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.